மந்தை எங்கே?

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊருக்குச் சென்றாலும், தோழர்களே, ‘மந்தை’ என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். அங்கே தேநீர்க் கடை இருக்கும். ஆட்டோ நிறுத்தம் இருக்கும். கொடிக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். மந்தையம்மன் கோயிலும் இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்று — மந்தை! மாடு நின்ற இடம் மறைந்துவிட்டது. மாடு நின்ற இடத்தால் பெயர்பெற்ற அம்மன் மட்டும், ஆண்டுக்கொரு திருவிழாவும் அதிரும் ஒலிபெருக்கியுமாக, நிலைத்துவிட்டாள். வருவாய்த் துறையின் பதிவேட்டைப் புரட்டினால் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்ற சொல் இன்னும் கிடைக்கும். சொல் கிடைக்கும், புல் கிடைக்காது. அந்த நிலத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது, தண்ணீர்த் தொட்டி எழுந்தது, குடியிருப்பு எழுந்தது. பள்ளிக்கூடம் எழுந்ததற்காக வருந்துபவன் நானல்லன். அதிலேதான் நானும் படித்தேன். எழுப்பியவர்கள், ‘இங்கே மேய்ந்த மாடு இனி எங்கே மேயும்?’ என்று ஒரு வரி எழுதி வைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

மாட்டைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ‘கோமாதா’ என்று கூவி மனிதனை அடித்துக் கொல்லும் கொடுமையைக் கண்டிக்கிறோம். மாட்டு மூத்திரத்தை மருந்தென்று விற்கும் மோசடியைத் தோலுரிக்கிறோம். செய்ய வேண்டிய பணி அது. மாட்டை வளர்ப்பவன் யார், அதற்கு எதைத் தின்னக் கொடுக்கிறான், விடிந்தால் எந்தச் சட்டத்தின் முன் கைகட்டி நிற்கிறான் — இந்தப் பேச்சு மேடைக்கு வருவது அரிது. எனக்கு அது வீட்டுப் பேச்சு, அதனால் எழுதுகிறேன்.

சுருளியாற்றின் கரையில் எங்கள் ஊர். தந்தைக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. சித்தப்பாவுக்கு மலை மாட்டுக் கிடை. நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கிடையில் நூற்றிருபது உருப்படிக்கு மேல் இருந்தன. இன்று முப்பத்தெட்டு. செவலை, மயிலை, காரி, மறை என்று நிறத்தாலேயே அவற்றைப் பெயர் சொல்லி எண்ணுவார் சித்தப்பா. எண்ணி முடிக்க முன்பெல்லாம் ஒரு சுருட்டு எரிந்து தீரும். இப்போது பற்றவைப்பதற்குள் எண்ணி முடித்துவிடுகிறார்.

நகரத்திலிருந்து வரும் நண்பர்கள் கேட்பார்கள்: “ஒரு மாடு எத்தனை லிட்டர் கறக்கும்?” கறக்காது! கன்று குடித்ததுபோக அரைப்படி மிஞ்சினால் பெரிது; கறக்கக் குந்துபவனை உதைக்காமலிருந்தால் அதைவிடப் பெரிது. “பால் தராத மாட்டை எதற்காக வளர்க்கிறீர்கள்?” என்பது அடுத்த கேள்வி. எருவுக்காக. அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் கிடை போட்டால், சாணமும் மூத்திரமும் விழுந்து மண் கொழுக்கும். வயல்காரர் அதற்குக் கிடைக்கூலி கொடுப்பார். தொழுவில் குவியும் எரு லாரி ஏறி, மேற்கு மலையைத் தாண்டி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும். காளைக் கன்றில் நல்லது அமைந்தால் சல்லிக்கட்டுக்கு வாங்குவார்கள். இவ்வளவுதான் வருமானம். இந்த வருமானத்துக்குத் தீவனம் வாங்கிப் போட்டால் கட்டுமா? கட்டாது. மாடு தானே நடந்து, தானே தேடி, தானே தின்று வந்தால்தான் கணக்கு நேராகும். ஆகவே மலை. பெயரிலேயே மலை இருக்கிறது!

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் இச்சிக்கலைப் புரிந்துகொள்ள முடியாது. 1895 இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் வீழ்ந்த நீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. பொட்டலாகக் கிடந்த பூமி பொன் விளையும் வயலாயிற்று. கட்டியவர் பென்னிகுவிக், அவர் பிறந்த நாளில் எங்கள் மக்கள் பொங்கலிடுகிறார்கள். தேவனுக்கல்லாமல் ஒரு பொறியாளனுக்குப் பொங்கல் வைக்கும் பழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு என்று பெருமையோடு சொல்லுவேன். ஆனால் நீர் வந்ததன் மறுபக்கம் ஒன்றுண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகப் பரப்பு 14,707 ஏக்கர். வழக்கமாக ஜூன் மாதத்தில் மதகு திறக்கும். நாற்று, நடவு, அறுவடை. மீண்டும் நாற்று, நடவு, அறுவடை. ஆண்டின் பெரும்பகுதி வயலில் பயிர் நிற்கிறது. பயிர் நிற்கையில் மாடு எங்கே நிற்பது? மேலே போகவேண்டியதுதான். இரண்டாம் போகம் அறுத்த பிறகு சில கிழமைகள் தாளடியில் மேயலாம், கிடை போடலாம், மறுபடியும் மேலே. உழவனுக்கு நீர் தந்த அதே வாய்க்கால், மாட்டுக்காரனை மலைக்கு ஏற்றியது. அவன் மலையேறியபோது அங்கே கோடு கிழித்து வைத்திருந்தார்கள். சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் பிறந்தது 1882 இல். கீழே நீர், மேலே வேலி. பதின்மூன்றாண்டு இடைவெளியில் வந்த இவ்விரண்டுக்கும் நடுவே சிக்கிய வாழ்க்கைதான் எங்களுடையது.

இது எங்கள் ஊர்ப் புலம்பல் மட்டுமன்று. மராட்டியத்தில் மகாத்மா ஜோதிபா பூலே, 1883 இல் எழுதிய ‘உழவனின் சாட்டை’ என்ற நூலில், ஏழையின் ஆடுமாடுகளுக்கு இருந்த புல்வெளிகளைக் காட்டு இலாகா விழுங்கிவிட்டதைச் சாடினார். புரோகிதத்தையும் காட்டு இலாகாவையும் ஒரே நூலில் வைத்து விளாசியவர் அவர். இரண்டும் உழவன் முதுகில்தான் அமர்ந்திருக்கின்றன என்று கண்டதால். அன்றைய நம் மாகாணத்தின் பல்நாட்டுப் பகுதியில், 1921-22 இல், மேய்ச்சல் வரியை மறுத்துச் சிற்றூர்கள் எழுந்தன. கன்னேகண்டி அனுமந்து என்ற உழவர் அதிலே சுட்டுக் கொல்லப்பட்டார். புல்லுக்காக மனிதன் உயிர் கொடுத்த வரலாறு நம் பாடநூலில் ஒரு மூலையிலாவது இருக்கிறதா?

வெள்ளையர் காலத்தில் காசு கட்டினால் மாடு மேயலாம். விடுதலைக்குப் பின்னும் மேய்ச்சல் சீட்டு இருந்தது. ‘பாஸ்’ என்பார்கள் எங்கள் ஊரில். என் பாட்டனார் காலத்துச் சீட்டுகள் சில சித்தப்பாவின் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. கரையான் தின்றது போக எஞ்சியவை. பிற்பாடு சீட்டு குறைந்தது. பின்னர், 2021 பிப்ரவரியில், திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது; தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம்; பரப்பு ஏறத்தாழ ஆயிரத்துப் பதினேழு சதுர கிலோமீட்டர். அடுத்த ஆண்டு மார்ச்சு 4 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது: தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் கால்நடை மேய்க்க அனுமதி கூடாது! வழக்கு எழுந்தது எங்கள் மேகமலையைப் பற்றி. தீர்ப்பு இறங்கியது நாடு முழுவதிலுமுள்ள மாட்டுக்காரன் தலையில். பல மாவட்டங்களிலும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அம்மாதத்திலேயே ஆணை திருத்தப்பட்டது: தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் மட்டும் தடை; ஏனைய காடுகளில் துறையின் அனுமதிக்கு உட்பட்டது.

திருத்தம் யாருக்கு உதவிற்று? பள்ளத்தாக்கின் மேற்குக் கரையிலுள்ள ஊர்கள் அனுமதி கேட்டு நடக்கலாம், கிடைத்தால் மேய்க்கலாம். கிழக்குக் கரையில், மேகமலையின் அடியில் இருக்கும் எங்களுக்குக் கதவே இல்லை. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மாடு, ஒரே புல்; ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் மனு, இந்தப் பக்கம் பிறந்தால் குற்றம்.

வேடிக்கை கேளுங்கள். அதே 2022 மார்ச்சு மாதத்தில், ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 2026 ஆம் ஆண்டை ‘மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்குமான பன்னாட்டு ஆண்டு’ என்று அறிவித்தது. இதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

“அந்த நாட்டுக்காரங்க எந்த மலையில மேய்க்கிறாங்க தம்பி?” என்றார்.

“எல்லா நாட்டுக்கும் சேர்த்துத்தான் சித்தப்பா. நமக்கும்.”

“நமக்குமா? அப்ப அந்தத் தாளக் கொண்டாந்து நம்ம பாரஸ்டுக்காரர்கிட்டக் காட்டு!”

சிரித்தோம். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. சித்தப்பாவின் கிடையை மலையில் நடத்துபவர் வேறொருவர், எங்களைவிட மூத்தவர், கூலிக்கு மாடு மேய்ப்பவர், சொந்தமாக ஒரு கன்றுகூட இல்லாதவர். எல்லை தாண்டிய மாட்டுக்கு அபராதம் போட்டபோது சீட்டு அவர் பெயரில் எழுதப்பட்டது. மாடு யாருடையது என்று கேட்டார்களா? கேட்டார்கள். ஆனால் அங்கே நின்றவர் அவர்தான். கைநாட்டு வைத்தவரும் அவர்தான். தொகையைச் சித்தப்பா கட்டினார். வழக்குப் பதிவேட்டில் பெயர் மட்டும் அவருடையதாகவே நிற்கிறது. நம் நாட்டில் சட்டம் மேலிருந்து கீழே வரும்போது, படியில் யார் கடைசியாக நிற்கிறானோ அவன் காலில்தான் விழுகிறது. அந்தக் கடைசிப் படியில் எந்தச் சாதிக்காரன் நிற்கிறான் என்று நான் சொல்லித்தானா நீங்கள் அறியவேண்டும்?

காட்டின் பக்கமுள்ள நியாயத்தையும் பேச வேண்டும். பேசாவிட்டால் பகுத்தறிவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. மேகமலையும் வருசநாட்டு மலையும் வைகைக்கு நீர் தரும் மலைகள். அங்கே காடு அழிந்தால் எங்கள் வயலும் மதுரையின் குடமும் வறளும். அளவுக்கு மீறிய மாடு புல்லைத் தேய்க்கும், நாற்றை மிதிக்கும், மண்ணை இறுக்கும்; இதில் ஐயமில்லை. மாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும் என்பதும் உண்மை. வெக்கை நோய் முன்னாளில் நாட்டு மாட்டையும் காட்டு மாட்டையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. புலி வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை.

அந்த வெக்கை நோய் எங்கே போயிற்று? எங்கள் ஊர் மாரிக்குக் கூழ் ஊற்றியதால் போகவில்லை. தடுப்பூசியால் போயிற்று. இமயமலைச் சாரலின் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்சு என்ற அறிவியலாளர் 1920 களில் உருவாக்கிய ஊசி மருந்து நம் நாட்டில் அதற்கு வழி திறந்தது. பல்லாண்டு உழைப்புக்குப் பின், 2011 இல், நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. மனிதன் முழுதாக ஒழித்த நோய்கள் இரண்டே: மனிதனின் பெரியம்மை, மாட்டின் வெக்கை. பூசாரிக்கு இதில் பங்கில்லை. கால்நடை மருத்துவனுக்கும், காடுமேடெல்லாம் மாட்டைப் பிடித்துக் கொடுத்த மாட்டுக்காரனுக்கும் பங்குண்டு.

இதை ஏன் சொல்லுகிறேன்? 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தேசியப் பூங்காவில் கால்நடை மேயலாகாது என்று அது திட்டவட்டமாகத் தடுக்கிறது. சரணாலயத்தைப் பற்றிப் பேசும்போது அதே சட்டம் வேறு நடையில் பேசுகிறது: தலைமை வன உயிரினக் காப்பாளர் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம். மூன்று சொற்கள்! மூன்றில் கடைசிச் சொல்லை மட்டும் கையில் எடுத்துக்கொள்வதேன்? மேலும், 33-அ பிரிவு கூறுகிறது: சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட நடவடிக்கை எடுக்கவேண்டும், ஊசி போடாத கால்நடையைச் சரணாலயத்தில் மேய்க்கக்கூடாது. ஊசி போடாததை மேய்க்காதே என்று எழுதிய சட்டம், போட்டதை மேய்ப்பதும் நடக்கும் என்று எண்ணித்தானே எழுதியிருக்கும்? ஊசியும் எண்ணிக்கையும் பருவமும் வைத்து ஒழுங்கு செய்ய வழி சட்டத்திலேயே இருந்தது. வழியை விட்டுவிட்டு வாசலை அடைத்தார்கள்.

வாசலை அடைத்தால் காடு செழிக்குமா? இராசபுதனத்துப் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில், 1982 இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். எருமைகளோடு வந்த மக்களுக்கும் காவலருக்கும் மோதல், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. பின்பு என்ன ஆயிற்று? எருமை தின்றுவந்த புல் வகை தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. எந்தப் பறவைகளுக்காகத் தடை வந்ததோ அப்பறவைகளுக்கே அது கேடாயிற்று என்று ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். பரத்பூர் சதுப்பு நிலம், மேகமலை மலைக்காடு. அங்கே நடந்ததே இங்கும் நடக்கும் என்று வாதிட்டால் அது வழக்குரைஞர் பேச்சு. நான் அதைச் செய்யமாட்டேன். எங்கள் ஊரில் சிலர், போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்ற இளைஞர்களைக் காய்ந்த புல்லில் பற்றிய தீ பலிகொண்டதைக் காட்டி, “மாடு மேய்ந்திருந்தால் தீயே வந்திராது” என்கிறார்கள். அதையும் நான் வழிமொழியமாட்டேன். நான் கேட்பது, அளந்து பாருங்கள் என்பது. எந்தச் சரிவில் எத்தனை மாடு தாங்கும், எந்தத் திங்களில் தாங்காது, எந்த ஓடைக்கு அப்பால் போகக்கூடாது — அளந்து, எழுதி, ஊர்க்கூட்டத்தில் படியுங்கள். அளவையில்லாத தடையும் அர்ச்சனையில்லாத பூசையும் ஒன்றுதான். நம்பு என்று மட்டும் சொல்லுகின்றன.

அன்றாடப் பாட்டைச் சொல்லாமல் சட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறேன். மலை அடைபட்டதும் மாடு கீழே வந்தது. கீழே என்ன இருக்கிறது? முன்பு அறுவடை முடிந்தால் வைக்கோற்படப்பு இருக்கும். இப்போது அறுப்பது இயந்திரம்; அறுத்த மறுநாளே இன்னொரு இயந்திரம் வந்து வைக்கோலை உருளையாகக் கட்டிவிடுகிறது; உருளைகள் கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. வயல்காரரைக் குறை சொல்லமுடியாது. நல்ல விலை வந்தால் விற்கத்தான் செய்வார், என் தந்தையே விற்கிறார்! சித்தப்பா மாட்டுக்கு வைக்கோல் கேட்டபோது அண்ணனும் தம்பியும் சந்தை விலையில்தான் பேசினார்கள்.

வரப்பு ஓரத்தில் ஓட்டினால் வாழைக்காரர் வைகிறார். திராட்சைத் தோட்டத்தின் கம்பிவேலி கிழிக்கிறது. சாலையோரம் ஓட்டினால் லாரி. மலையில் இருந்தவரை மாட்டின் எதிரி செந்நாயும் சிறுத்தையும். இப்போது எதிரி சுற்றியிருக்கும் ஊர் முழுவதும். இதற்கிடையில் காட்டு விலங்கு கோட்டை மதிக்கிறதா? 2023 மே மாதத்தில் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகரத் தெருவிலேயே உலா வந்தது. ஊரடங்கு போட்டு, மயக்க ஊசி செலுத்தி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானைமீது எனக்குக் கோபமில்லை. அதை வழிதவறிய பிள்ளை போலப் பதமாகக் கொண்டுபோய் விட்டார்கள். வழிதவறிய பசுவோடு நிற்கும் மேய்ப்பரை அப்படி யாரும் கொண்டுபோய் விடுவதில்லை.

பிறகு காதுவளையம். பன்னிரண்டு இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை. அதை நான் வரவேற்கிறேன். 2019 இல் தொடங்கிய நாடளாவிய கோமாரி ஒழிப்புத் திட்டத்துக்குக் கணக்கு வேண்டும். எந்த மாட்டுக்கு எப்போது ஊசி என்று தெரியவேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் கலப்பினப் பசுவுக்கு அது அரை நிமிட வேலை. மலை மாட்டுக்கோ? கயிற்றையே காணாத உருப்படி. பிடிக்க நான்கு ஆள், கட்ட மரம், உதைபட்டவனுக்கு எண்ணெய். மருத்துவமனை வேலை நேரம் முடிவதற்குள் ஏழு மாட்டைப் பிடித்தால் வெற்றி. வில்லை இல்லாத மாட்டுக்குக் காப்பீடு இல்லை. சென்ற ஆண்டு எங்கள் சினைப்பசு ஒன்றைச் சிறுத்தை அடித்தது. இழப்பீடு கேட்டுப் போன அலுவலகத்தில் இரண்டு கேள்வி: “வில்லை எண் என்ன? அடித்த இடம் எது?” எண் இல்லை, இடத்தைச் சொன்னால் மேய்த்தது குற்றம். சித்தப்பா எழுந்து வந்துவிட்டார்.

விற்றுவிட்டுப் போகலாமே என்பீர்கள். விற்பதற்கும் ஒரு சட்டம் வந்தது. 2017 மே மாதத்தில் ஒன்றிய அரசு, கால்நடைச் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கவே கூடாதென விதி வகுத்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு கிழமைக்குள் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலையில் உச்சநீதிமன்றம் அத்தடை நாடெங்கும் செல்லும் என்றது. விதி நின்றதே தவிர அச்சம் நிற்கவில்லை. அந்நாட்களில் வண்டியில் மாடேற்ற ஓட்டுநர்கள் கை நடுங்கினார்கள். இதைப் ‘புனிதம்’ என்றார்கள். உழவன் கணக்கில் கிழமாடு என்பது சேமிப்பு. அதை விற்ற பணந்தான் அடுத்த கன்றின் விலை. அதைத் தடுத்தால் மாடு வாழாது. மாடு வளர்ப்பதே நின்றுபோகும். வணங்குபவன் வைக்கோல் போடுவதில்லை!

கம்பத்திலே நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. அங்கே கற்சிலை இல்லை, மாட்டையே வணங்குகிறார்கள், மாட்டுப் பொங்கலன்று கூட்டம் அலைமோதும், கன்றுகளைத் தொழுவுக்குக் கொடையாக விடுவார்கள். நான் அங்கே கைகூப்புபவனல்லன். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: அந்தத் தொழுவில் மாட்டுக்குப் புல் போடுகிறார்கள், பராமரிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். தில்லியில் உட்கார்ந்து பசுவைப் புகழ்பவர்களைவிட அவர்கள் மாட்டுக்கு நெருங்கியவர்கள்.

2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் பெருங்கூட்டம் கூடிற்று. நானும் அதில் நின்றேன். ‘நாட்டு மாட்டைக் காப்போம்’ என்றோம். சட்டம் வந்தது, 2023 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. காளைக்கு வாடிவாசல் கிடைத்துவிட்டது. அந்தக் காளையை ஈன்ற பசுவுக்குப் புல் எங்கே? அதற்காகக் கடற்கரையில் கூடியவர் எவருமில்லை. 2019 இல் தமிழ்நாடு மாட்டினங்கள் இனப்பெருக்கச் சட்டம் நிறைவேறியபோது, பொலிகாளைக்குப் பதிவும் சான்றும் வேண்டும் என்றார்கள். காட்டிலே தானே பொலியும் காளையை யார் பதிவது என்று கேட்க, எங்கள் பக்கத்தில் ஒரு கைப்பிடி ஆட்கள்கூடத் திரளவில்லை. ஈரோட்டில் பர்கூர் மலைக்காட்டைச் சரணாலயமாக்கி, 2024 சனவரியில், தந்தை பெரியார் பெயரைச் சூட்டினார்கள். பர்கூர் மலை மாடும் எங்கள் மாட்டைப் போலக் காட்டில் மேய்ந்து வளர்ந்த இனம். எளியவனின் உரிமைக்காக வாழ்ந்தவர் பெயரைத் தாங்கிய காட்டில், மேய்ப்பவனின் உரிமை யாது என்ற கேள்வியை அம்மலை மக்கள் எழுப்புகிறார்கள். விடை சொல்லவேண்டிய கடமை பெயர் சூட்டியவர்களுக்கு உண்டு.

எங்கள் ஊரில் விடிகாலையில் ஜீப்புகள் உறுமும். இளைஞரும் பெண்களும் ஏலக்காய் பறிக்க இடுக்கிக்குச் செல்கிறார்கள், இருட்டியபின் திரும்புகிறார்கள். சித்தப்பாவின் மகனும் அதிலே ஒருவன். அவனைக் கிடைக்கு அழைத்தால், “அப்பா, அங்க கூலிக்குப் போனா மாலையில காசு, உங்ககூட வந்தா மாலையில கேசு” என்கிறான். மறுத்துச் சொல்ல அவரிடம் சொல் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆனால் ஒரு சட்டம் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். மேய்ச்சல் உரிமை — ஓரிடத்தில் தங்கி மேய்ப்போர்க்கும், இடம்பெயர்ந்து மேய்ப்போர்க்கும் — அதில் எழுதப்பட்டிருக்கிறது. ‘காட்டு நிலம்’ என்பதில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும் என்று அச்சட்டமே விளக்குகிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016 இல்தான் உச்சநீதிமன்றம் அதை நீக்கிற்று. எட்டாண்டு உறங்கிய சட்டத்தை எங்கள் பக்கம் எவரும் எழுப்பவில்லை.

எழுப்புவது எளிதன்று. மேகமலையின் பளியர்கள் பழங்குடியினர்; அவர்களுக்கு நிபந்தனை குறைவு. எங்களைப் போன்ற பிறர், 2005 டிசம்பர் 13 க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு, காட்டில் வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். பள்ளத்தாக்கில் வீடும் மலையில் கிடையுமாக வாழ்ந்தவனை ‘காட்டில் வாழ்ந்தவன்’ என்று ஏற்பார்களா என்பது பெரிய வழக்கு. எனினும் சான்றாக எதை ஏற்கலாம் என்பதை 2008 ஆம் ஆண்டு விதிகள் தாராளமாகவே சொல்லுகின்றன: அரசு தந்த பழைய சீட்டுகள், மரபான மேய்ச்சல் இடங்கள், உரிமை கோராத முதியவர்களின் எழுத்து வாக்குமூலம். கோரிக்கையைக் கிராம சபைதான் முதலில் ஏற்கவேண்டும்; அதற்கு வன உரிமைக் குழு அமைக்கவேண்டும்.

ஆகவே இப்போது மாலைதோறும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றுகிறேன். மலையில் கிடை போட்ட இடங்களின் பெயர்களை முதியவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். இதுவரை இருபத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவர், ஓர் ஓடைக்கரைக் கிடையில்தான் தாம் பிறந்ததாகச் சொன்னார். கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். “எழுதக் கத்துக் குடு, ஒப்பம் போடுறேன்” என்றார். நான்கு எழுத்து. மூன்று கற்றுக்கொண்டுவிட்டார். தகரப் பெட்டியிலிருந்த சீட்டுகளில் படிக்கக்கூடியவை ஒன்பது. அவற்றை நகலெடுத்து வைத்திருக்கிறேன். மாடு மேய்க்கும் பெரியவரும் வாக்குமூலம் தர ஒப்புக்கொண்டார். அவர் பெயரையும் உரிமை கோருவோர் பட்டியலில் சேர்ப்பதா, சாட்சிப் பட்டியலில் சேர்ப்பதா என்று ஊரில் தகராறு. ‘மாடில்லாதவனுக்கு மேய்ச்சல் உரிமை எதற்கு?’ என்கிறார்கள் சிலர். அபராதச் சீட்டில் பெயர் எழுதும்போது இக்கேள்வியை எவரும் கேட்கவில்லையே என்று கூட்டத்தில் சொன்னேன். சித்தப்பா எழுந்து, “மொதல்ல அவரு பேரை எழுது” என்றார்.

எழுதியிருக்கிறேன். அடுத்த கிராம சபை அக்டோபர் 2 ஆம் நாள், காலை பதினொரு மணிக்கு, மந்தையில்.